ஒற்றைக்கால் கொக்கு

செத்தவரே தன் பிண முகத்தை வார்த்து முத்திரையும் போட்டார் என்று ஒரு ஊரே நம்பியது. நான் நம்பவில்லை. நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தென் ஜெர்மனியில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வெண்டலின் என்ற பொற்கொல்லர் இருந்தார். அப்பா மரச்சிற்பி, அண்ணன் ஓவியர். இவர் வெள்ளியில் சிலை செய்தார். சிலையின் அடித்தகட்டில் தன் முத்திரையான ஒற்றைக்கால் கொக்கை உளியால் பதிப்பார். முத்திரை இல்லாத வேலை விலைபோகாது. பெண்களுக்கு முத்திரை கிடையாது. கள்ள முத்திரை அடித்தால் வலது கையை வெட்டிவிடுவார்கள்.

கடைசி வருடம் அவருக்குக் கை நடுக்கம். சூப்புக் கரண்டிகூட வாய்க்குப் போய்ச் சேராது. வேலை முழுவதையும் மகள் ஒட்டிலிதான் செய்தாள். அவர் படுத்திருந்த அறையிலிருந்து வாரம் ஒருமுறை, மதியத்தில், ஒரே ஒரு சுத்தியல் அடி கேட்கும். அது என்னவென்று யாரும் விசாரிக்கவில்லை.

பனி கொட்டிய ஒரு நாளில் அவர் இறந்தார். பிணத்துக்குச் சவரம் செய்த நாவிதர் தாடையில் கீறிவிட்டார், ரத்தம் வரவில்லை. அன்றே பொற்கொல்லர் சங்கத் தலைவர் யோர்க் வந்து, வழக்கப்படி முத்திரை உளியை எல்லோர் முன்னிலையிலும் உடைத்தார்.

முப்பதாம் நாள் ஒட்டிலி ஒரு வெள்ளித் தலையைக் கொண்டுபோய்ச் சங்கத்து மேசையில் வைத்தாள். வெண்டலினின் முகம். மூடிய கண்கள். தாடையில் அந்தக் கீறல். யோர்க் கவிழ்த்துப் பார்த்தார். தலை பளபளத்தது, அடித்தகடு மட்டும் கறுத்திருந்தது. அதில் கொக்கு நின்றது.

"இந்தக் கீறல் அவர் செத்தப்புறம் விழுந்தது. உளியை அன்னிக்கே உடைச்சாச்சு. இந்த முத்திரையை யாரும்மா போட்டது?"

"எங்கப்பாதாங்க. அவரு உளியால, அவரு கையால."

கூடத்தில் இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யோர்க் வெட்டுகத்தியைக் கொண்டுவரச் சொன்னார். ஒட்டிலி வலது கையை மேசைமேல் நீட்டி வைத்தாள். அது நடுங்கவில்லை. பிணத்தைவிட அந்தக் கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒட்டிலி சொன்னது உண்மையா, பொய்யா? அந்தக் கையை வெட்டலாமா?

விடை: உண்மை. வெட்டக் கூடாது. தலையை வார்த்தது மகள். முத்திரை அப்பாவுடையது, அவர் உயிரோடிருந்தபோது வெறும் தகட்டில் அடித்தது; அந்தத் தகட்டை மகள் பிறகு தலையின் அடியில் பொருத்தினாள். நடுங்கும் கையால் சிலை செய்ய முடியாது, வாரம் ஒரு அடி அடிக்கலாம். கொக்கு தேய்ந்துவிடுமோ என்று ஒட்டிலி தகட்டைத் துலக்காமல் விட்டிருந்தாள், அதனால்தான் கறுப்பு. யோர்க் போய்ப் பார்த்தபோது வெண்டலினின் கட்டிலுக்கடியில் இன்னும் ஐம்பது கறுத்த தகடுகள் இருந்தன. மகள் ஆயுள் முழுக்கச் செய்யப்போகிற வேலைக்கு அப்பா முன்கூட்டியே முத்திரை போட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் பெயர் எதிலும் இல்லை.