இடம் மாறிய நாற்காலி

படித்துக்கொண்டே வாருங்கள். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன்.

கொண்டல் காமிக்ஸ் என்றாலே பெரும்புயல்தான். அட்டையில் அவன், உள்ளே அவன், பின்னட்டையிலும் அவன். அவனுக்குத் துணையாக வரும் மற்ற சாகச வீரர்கள் நாலு கட்டத்தில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவர்களில் ஒருவன் முடக்கத்தான். எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் அது நின்றுவிடும். ஆகவே அவன் பஸ்ஸில் ஏற முடியாது. எங்கும் நடந்தேதான் வருவான். வந்து சேர்வதற்குள் பெரும்புயல் சண்டையை முடித்திருப்பான். இன்னொருத்தி ஆழிமகள். கடலுக்கடியில் மூச்சுவிடத் தெரிந்தவள். ஆனால் கதைகளோ பெரும்பாலும் மலையில்தான் நடக்கும்.

இந்த இருவருக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். தனித்தொடர் வேண்டும் என்று அவர்கள் ஓயாமல் கேட்டுவந்ததால், ஆசிரியர் மங்கையர்க்கரசி திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசகர் கூட்டம் போட்டார்.

"ஒரே ஒரு தொடருக்குத்தான் இடம் இருக்கு. ஆழிமகள் வேணும்னா இடது பக்கம் நில்லுங்க, முடக்கத்தான் வேணும்னா வலது பக்கம். நான் மணி அடிக்கிற வரைக்கும் பக்கம் மாறலாம். வர முடியாதவங்க ஓட்டை இன்னொருத்தர்கிட்ட கொடுத்தனுப்பலாம். ரெண்டு பக்கமும் சமமா வந்துச்சுன்னா, அந்த இடம் மறுபடியும் பெரும்புயலுக்கே!"

கூட்டம் "ஐயோ!" என்றது.

வலது பக்க வரிசையில் முதல் ஆளாக நின்றவர் காசிம். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேன் நடுவழியில் நின்றால், "முடக்கத்தான் தொட்டுட்டான்டா!" என்று பிள்ளைகளைச் சிரிக்க வைப்பார். எந்தக் கூட்டம் நடந்தாலும் எழுந்து அவனுக்காகக் கேட்பவர் அவர்தான்.

எல்லோரும் நின்று முடித்தபோது இரு பக்கமும் சரிசமம். அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்க உள்ளே வந்தார் நன்மாறன். மின்சாமான் கடை வைத்திருப்பவர். கடையின் ஷட்டர் முழுக்க ஆழிமகளை வரைந்து வைத்திருந்ததால், "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்டு ஆள் வருவது வழக்கம். அப்படியும் அவர் படத்தை அழிக்கவில்லை.

அவர் கையில் இரண்டு ஓட்டுகள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றொன்று, மாடி வீட்டில் குடியிருக்கும் ஜெசிந்தாவுடையது. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் அவளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. "மாறன் அண்ணே, என் ஓட்டு முடக்கத்தானுக்கு. வார்டுல பிள்ளைங்க அவன் கதையைத்தான் கேக்குறாங்க. மறந்துடாதீங்க," என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நன்மாறன் ஒரு காலி நாற்காலியை எடுத்துவந்து வலது பக்கம் போட்டார். "இது ஜெசிந்தா," என்றார். பிறகு இடது பக்கம் போகக் காலெடுத்தவர் அப்படியே நின்றார். அவர் அங்கே போனால் மறுபடியும் சமம். இருவருக்குமே புத்தகம் கிடையாது. நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனால் ஆழிமகள் ஜெயிப்பாள். ஆனால் அது ஜெசிந்தாவின் ஓட்டு. திரும்பி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில், வலது பக்கமே நின்றுகொண்டார்.

வலது பக்கத்தில் விசில் பறந்தது. காசிம் மட்டும் விசிலடிக்கவில்லை. நன்மாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதை அவர் பார்த்துவிட்டார். ஆசிரியர் மணியைக் கையில் எடுத்தார். காசிம் விறுவிறுவென்று கூடத்தைக் கடந்து இடது பக்கம் போய் நின்றார்.

"காசிம் பாய்! என்ன பண்றீங்க? இப்ப மறுபடியும் சமம்!" என்று பதறினார் ஆசிரியர்.

"தெரியுது மேடம். ஆனா அவர் மூஞ்சியப் பார்த்துட்டு என்னால ஜெயிக்க முடியல."

"பாய், நீங்க இந்தப் பக்கம் வாங்க," என்றார் நன்மாறன்.

"நீங்க இந்தப் பக்கம் வாங்க," என்றார் காசிம்.

இருவரும் அசையவில்லை. மற்றவர்களும் தம் பக்கத்தை விடுவதாக இல்லை. மணியும் அசையவில்லை. மீதி இருந்தது நாற்காலி ஒன்றுதான். யாரோ ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். நடந்ததைக் கேட்டு அவள் சிரித்தாள். பின்னணியில் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அந்த நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போடுங்கண்ணே. பிள்ளைங்களுக்குக் கடலுக்குள்ள நடக்குற கதை சொல்லிக்கிறேன்."

நாற்காலி இடம் மாறியது. மணி அடித்தது. ஆழிமகள் ஜெயித்தாள்.

அன்று டீ குடிக்கும்போது பெரிய வாக்குவாதம். நன்மாறன் தன் நாயகியையே விட்டுக்கொடுத்தார் என்றார் ஒருவர். ஜெசிந்தா பிள்ளைகளின் ஆசையையே விட்டுக்கொடுத்தாள் என்றார் மற்றொருவர். காசிம் அவசரப்பட்டு ஆழிமகள், முடக்கத்தான் இருவர் பிழைப்பையும் கெடுக்கப் பார்த்தார் என்றும் சிலர் சொன்னார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் உண்மையில் அதிகம் விட்டுக்கொடுத்தவர் யார்?

விடை: காசிம்தான். நன்மாறன் நம்பிக்கைத் துரோகம் செய்யாமல் ஆழிமகளை ஜெயிக்க வைக்க வழியே இல்லை. இடது பக்கம் போயிருந்தாலும் சமம்தான் ஆகியிருக்கும். ஜெசிந்தாவின் நிலையும் அதுவே. நாற்காலி அசையாவிட்டால் முடக்கத்தானுக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. கைக்கு வராததைத்தான் அவர்கள் விட்டார்கள். அதையும் நல்ல மனதோடு விட்டார்கள். காசிமோ, கைக்கு வந்துவிட்டதை விட்டார். அவசரக்காரர் என்பது உண்மைதான். ஜெசிந்தா போனை எடுக்காமல் இருந்திருந்தால் அந்த இடமும் பெரும்புயலுக்கே போயிருக்கும். ஆனால் அளந்து பார்த்துக் கொடுக்கிறவராக இருந்திருந்தால் அவர் அந்தக் கூடத்தைக் கடந்தே இருக்க மாட்டார். ஆழிமகளின் முதல் புத்தகம் வந்த அன்று வரிசையில் முதல் ஆளாக நின்று வாங்கியவரும் அவரே. வாங்கியவுடன் கடைக்காரரிடம் கேட்டார்: "இதுல முடக்கத்தான் எந்தப் பக்கத்துல வர்றான்?"