மயங்கி விழுந்தது யார்?

ராஜா என்று ஒருவர் இருந்தால் அரண்மனை இருக்கும். அரண்மனை இருந்தால் ஜால்ராவும் இருக்கும். துறைவளநாட்டு ராஜா மாறவேளுக்கு வாய்த்த பெரிய ஜால்ரா, தண்டோராத் தலைவர் இன்மொழியார். அவர் சொல்லிக் கொடுத்ததுதான் ஊருக்குச் செய்தி. எல்லைச் சாவடிகளில் மாட்டுகிற ராஜா படமும் அவர் மேற்பார்வையில் வரைந்ததுதான். நிஜ ராஜா நல்ல கறுப்பு. படத்து ராஜாவோ உரித்த பலாச்சுளை நிறம். ராஜாவுக்கும் உள்ளூர அதில் ஒரு குஷி.

ஒருநாள் அந்தி நேரத்தில் அம்மன் கோயில் மரகத அட்டிகை களவு போயிற்று. உடனே தண்டோரா முழங்கியது.

"கறுத்த மேனி, சுருட்டை முடி, அகன்ற தோள் கொண்ட கொடியவன் அட்டிகையோடு ஓடினான்! ஆற்றங்கரையில் அவனைக் கண்ட மாம்பழ நிறப் புடவை அழகி ஒருத்தி வீலென்று அலறி மயங்கி விழுந்தாள்!"

அவ்வளவுதான். அந்த வழியாக மீன்வலையோடு வந்த சுடலையைக் காவலர்கள் அமுக்கினார்கள். ஆள் கறுப்பு, முடி சுருட்டை, தோளும் அகலம். வேறென்ன சாட்சி வேண்டும்? வலக்கையை வெட்டச் சொல்லித் தீர்ப்பும் ஆயிற்று.

சுடலையின் அக்கா இசக்கி, ஓடம் தள்ளுகிறவள். நாலு பிள்ளை பெற்றவள். கையில் துடுப்போடு நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"சாமி, தண்டோராவுல சொன்ன அழகி நான்தான்! நான் மயங்கவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒருத்தன் மூஞ்சியைத் துணியால மூடிக்கிட்டு ஓடத்துல ஏற வந்தான். மடியில அட்டிகை மின்னுச்சு. துடுப்பால ஒரு போடு போட்டேன், ஆத்துல குதிச்சு ஓடிட்டான். கையும் காலும் நல்ல செவப்பு அவனுக்கு. என் தம்பி கையை வெட்டிட்டா வலையை எப்படி வீசுவான்? நீங்களே சொல்லுங்க!"

இன்மொழியார் சிரித்தார். பக்கத்தில் பட்டுச் சால்வை போர்த்தி நின்ற அவருடைய மைத்துனர் சிகாமணியும் சிரித்தார். கோயிலில் நகையும் நெல்லும் வைக்கிற உக்கிராணத்துக்கு அதிகாரி அந்த சிகாமணி.

"மயங்கி விழுந்தவள் எதைப் பார்த்திருப்பாள், அரசே? அவள் மயங்கியது ஊரறிந்த செய்தி" என்றார் இன்மொழியார்.

"ஊருக்குச் சொன்னதே நீர்தானே ஐயா?" என்று ஒரு குரல் கேட்டது. அரண்மனை விகடகவி கோமதி! சபையில் ராஜா முகத்துக்கு நேரே பேசுகிற ஒரே ஆள். "அவள் விழுந்ததை நேரில் பார்த்தீரா?"

"பார்க்க வேறு வேண்டுமா? திருடன் எப்படி இருப்பான், பெண்பிள்ளை எப்படி விழுவாள் என்று எனக்குத் தெரியாதா? அப்படிச் சொன்னால்தான் ஜனங்கள் கேட்கும்."

ராஜா தாடியைத் தடவினார். "கோமதி, இன்மொழியார் இத்தனை வருஷமாகச் செய்தி சொல்கிறவர். அதை எப்படித் தள்ளுவது?"

"தள்ள வேண்டாம் அரசே, சோதித்துப் பார்ப்போம். கிரீடம், நகை, பட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இவர்களோடு சற்று நில்லுங்கள்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். வெறும் வேட்டியோடு, சுருட்டை முடியும் அகன்ற தோளுமாக வந்து கூட்டத்தில் நின்றார். மலை எல்லையிலிருந்து காலையில்தான் வந்து சேர்ந்த இரண்டு காவலர்களைக் கோமதி உள்ளே கூப்பிட்டாள்.

"முதலில் ராஜாவைக் கும்பிடுங்கள்."

இருவரும் சபையை ஒரு சுற்று பார்த்தார்கள். வெள்ளைவெளேரென்று நின்ற இன்மொழியார் காலில் தொபுக்கென்று விழுந்தார்கள்.

"சரி, அட்டிகைத் திருடன் இங்கே இருக்கிறான். தண்டோராவில் கேட்டீர்களே, பிடியுங்கள்."

ஒரே பாய்ச்சல்! ராஜாவின் கையைப் பின்னால் முறுக்கிக் கயிற்றால் கட்டிவிட்டார்கள்.

"அடேய்! நான் ராஜாடா!"

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்லுவான். ராஜா எப்படி இருப்பாருன்னு எங்களுக்குத் தெரியாதா? சாவடியில படம் இருக்கு!"

கோமதி பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்கள் ராஜா. உங்கள் கட்டை அவிழ்க்கச் சபையில் இத்தனை பேர் இருக்கிறோம். சுடலைக்கு யார் இருக்கிறார், அரசே?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் படத்தைப் பார்த்து 'அருமை' என்று சொன்னது அவர்தானே! வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டை அவிழ்த்ததும் முதல் வேலையாக இசக்கியைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சொல் தாயே. அவனை எப்படி அடித்தாய்?"

இவ்வளவு நேரம் அதை ஒருவரும் கேட்கவில்லை என்ற ஆத்திரம் இசக்கிக்கு.

"இப்படித்தான் சாமி!" என்று துடுப்பைத் தலைக்கு மேலே ஓங்கினாள்.

முன்னால் நின்றவர் இன்மொழியார். "ஐயோ அம்மா!" என்று வீறிட்டு அலறினார். கண் செருகியது. அடியற்ற வாழையாகச் சாய்ந்தார்.

"பிடி, பிடி!" என்று எல்லாரும் கத்தினார்கள். சிகாமணி தாங்கப் போனார். வலக்கை நீண்டது, இடக்கை எழும்பவே இல்லை. சால்வை நழுவியது. சிவந்த இடத்தோளில் கொழுக்கட்டை அளவுக்கு வீக்கம்!

"இவன்தான்! இது என் துடுப்பு போட்ட வீக்கம்தான்!" என்றாள் இசக்கி.

அப்புறம் கேட்க வேண்டுமா? சிகாமணி வீட்டு நெற்குதிரிலிருந்து அட்டிகை வந்தது. சுடலை இரண்டு கையும் முழுசாகச் சிறையிலிருந்து வெளியே வந்தான். இசக்கி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மயங்கவில்லை.

தண்ணீர் தெளித்து இன்மொழியாரை எழுப்பினார்கள்.

"இன்றைக்கே செய்தியைத் திருத்தி முழக்க வேண்டும்" என்றார் ராஜா. "சாவடிப் படமெல்லாம் என் சொந்த நிறத்துக்கு மாற வேண்டும்."

"திருத்துவதா?" இன்மொழியார் கையைப் பிசைந்தார். "சொன்னதை மாற்றினால் நாளைக்கு என்னை எவன் நம்புவான், அரசே?"

கோமதி விடுவாளா?

"எதற்கு ஐயா முழுசாக மாற்ற வேண்டும்? கறுத்தவனைச் சிவந்தவன் ஆக்கிவிடும். வீலென்று அலறியது உண்மை, மயங்கி விழுந்ததும் உண்மை. சபையே சாட்சி! அழகி என்ற இடத்தில் உம் பேரைப் போட்டால் போதும். அப்புறம்... உம்முடைய வேட்டி என்ன நிறம் என்று மறக்காமல் சேர்த்துக்கொள்ளும். அப்படிச் சொன்னால்தானே ஜனங்கள் கேட்கும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றிக் கோமதியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி இசக்கியின் துடுப்புக்குப் போட்டாள்.