பேசினால் தீப்பிடிக்கும் யாளி

நெடுநாளைக்கு முன்னே, கரும்பெல்லாம் பனைமர உயரம் வளர்ந்த காலத்திலே, தேனாற்று நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே பவளாயி என்று ஒரு பெண். வெல்லம் காய்ச்சுவது அவள் தொழில். கொதிக்கும் பாகு தெறித்துக் கை சுடாத நாளே கிடையாது. அதனால் கொல்லை நிறையச் சோற்றுக்கற்றாழை வளர்த்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலை அவள் கரும்புத் தோட்டத்தில் புகை எழுந்தது. குடத்துத் தண்ணீரோடு ஓடினாள். அங்கே சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாக ஒரு யாளி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

"யார் நீ?" என்றாள் பவளாயி.

"நான்..." என்று யாளி வாய் திறந்ததும் குப்பென்று நெருப்பு வந்தது. மீசை பொசுங்கியது. ஏற்கெனவே வெந்திருந்த நாக்கு இன்னும் வெந்தது.

பவளாயிக்குப் பயம்தான். ஆனாலும் அந்த வாயைப் பார்த்ததும் ஓட மனம் வரவில்லை. "பேசாதே. எழுதத் தெரியுமா?"

யாளி துதிக்கையால் சாம்பலில் எழுதியது: 'நான் இளவரசன் வில்லவன். மந்திரவாதி வக்கிரனின் பொய்களை அரசவையில் வெளிப்படுத்தினேன். என்னை யாளியாக்கி, என் சொல்லெல்லாம் நெருப்பாகும்படி சபித்துவிட்டான். நெருப்பில்லாமல் ஒரு சொல் சொன்னால் மாயம் தீரும்.'

"புண் ஆறுவதற்குள் பேசிவிடுகிறாய். அப்புறம் எப்படி ஆறும்? மூன்று நாள் வாய் திறக்காமல் இரு. புண் ஆறினால் நெருப்பும் அடங்கும்."

முதலில் குளிர்ந்த தண்ணீரை வாயில் நெடுநேரம் ஊற்றினாள். பிறகு கற்றாழை மடலை வெட்டி, மஞ்சள் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருந்த வழவழச் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவிப் பூசினாள். "பேசாதே, ஆறட்டும்" என்றாள்.

முதல் நாள் எறும்பு வாலைக் கடித்தது. யாளி கத்தவில்லை. மூக்கில் புகை மட்டும் வந்தது.

"பேசாதே, ஆறட்டும்."

இரண்டாம் நாள் பவளாயி பாட்டுப் பாடினாள். சுருதி எங்கேயோ போனது. யாளி கண்ணை மூடிப் பொறுத்துக்கொண்டது. மூக்கில் வெறும் ஆவிதான் வந்தது.

"பேசாதே, ஆறட்டும்."

மூன்றாம் நாள் வக்கிரன் படைவீரர்களோடு வந்தான். இளவரசனைத் தின்ற மிருகம் இதுதான் என்று அரசரிடம் சொல்லி ஆணை வாங்கியிருந்தான். பவளாயி யாளியின் முன்னால் போய் நின்றாள்.

"இவர்தான் இளவரசர்" என்றாள்.

வக்கிரன் சிரித்தான். "அப்படியானால் பேசச் சொல். ஏ மிருகமே, பேச மாட்டாயா? வீரர்களே, முதலில் இவளைக் குத்துங்கள்."

ஈட்டிகள் உயர்ந்தன. பேசினால் நெருப்பு வருமோ, அது அவளைச் சுடுமோ என்று யாளி நடுங்கியது. முகத்தை வானத்தை நோக்கித் தூக்கி, ஆறிய நாக்கால் மெல்லச் சொன்னது:

"நில்லுங்கள்."

ஒரு பொறிகூட இல்லை. துதிக்கை மறைந்தது, வால் மறைந்தது. பாதி மீசையோடு இளவரசன் வில்லவன் நின்றான். வீரர்கள் ஈட்டியைக் கீழே போட்டு வணங்கினார்கள்.

வக்கிரன் ஆத்திரத்தில் புது மந்திரம் சொல்ல வாயெடுத்தான். அவன் விட்ட சாபம் அவனிடமே திரும்பிவிட்டது. குப்பென்று தீ வந்ததும் ஆற்றில் குதித்தான்.

பவளாயி ஒரு மடலை வெட்டிக்கொண்டு கரைக்குப் போனாள்.

"இவனுக்குமா?" என்றான் வில்லவன்.

"வெந்துபோயிருக்கிறதே" என்றாள் அவள்.

வாய் ஆறியபோது வக்கிரனுக்கு ஒரு மந்திரமும் நினைவில்லை. அரசர் பவளாயிக்காக ஆற்றங்கரையில் தீப்புண் வைத்தியசாலை கட்டித் தந்தார். அங்கே மடல் சீவுகிற வேலை வக்கிரனுக்கு. மீசை முழுதாக வளர்ந்ததும் 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா?' என்று வில்லவன் பவளாயியைக் கேட்டான். அவளும் சரி என்றாள். கல்யாணப் பாயசத்துக்கு அவளே வெல்லம் காய்ச்சினாள். ஊரே வயிறாரச் சாப்பிட்டது, அவர்களும் நெடுங்காலம் சிரித்து வாழ்ந்தார்கள்.