‘நில்’ என்ற செய்தி

"நான் அனுப்பின செய்தியில ஒண்ணுகூடத் தொலையலை. பெட்டி நிக்கலைன்னா அது என் தப்பா?"

காலையிலிருந்து நான்காவது முறையாக இதையே சொல்கிறார் சாரங்கன். மலைக்கோயில் ரோப்காரில், உச்சி நிலையத்திலிருந்து அடிவார மோட்டாருக்குச் செய்தி போகும் முறையை எழுதியவர் அவர்தான்.

சோதனைக்காக மணல் மூட்டை ஏற்றிய பெட்டி மூன்று முறையும் மேடையைத் தாண்டிச் சுவரில் மோதியிருந்தது.

நாளை, மூட்டைக்குப் பதில் மனிதர்கள்.

"தொலையலை, சரி. எப்போ போய்ச் சேர்ந்துச்சு?" என்றாள் பிலோமினா. அவரைவிடப் பத்து வயது சின்னவள். இந்த வித்தையில் அவருக்கு அவள்தான் குரு.

"வரிசைப்படி, மேடம். காத்து வேகம், கதவு, ஆள் கணக்கு, அப்புறம் 'நில்'. 'கிடைச்சுது'ன்னு பதில் வந்தாத்தான் அடுத்தது. வரலைன்னா அதையே திரும்ப அனுப்புவேன். ஒழுங்குன்னா அதுதானே?"

ஒழுங்காம். அந்தச் சுவரைக் கேட்டால் சொல்லும்.

பிலோமினா மூலையிலிருந்த அடுப்பில் டீக்குப் பாலை ஏற்றினாள். தீயைக் கூட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான் பார்க்க மாட்டேன். அறையில நடக்கிறதையெல்லாம் நீங்க சொல்லுங்க. உங்க முறைப்படியே. நான் 'சரி'ன்னாத்தான் அடுத்தது."

"ஃபேன் சுத்துது."

"சரி."

"மணி பதினொண்ணேகால்."

பதில் இல்லை.

"மணி பதினொண்ணேகால், மேடம்."

தலைகூட அசையவில்லை. பால் விளிம்புக்கு வந்துவிட்டது.

"மேடம்! மணி பதினொண்ணேகால்!"

அதற்குள் மணி பதினொன்று பதினேழு.

"ஐயோ, பால்! பால்!"

அவள் திரும்பினாள். பால் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"வரிசை என்ன ஆச்சு, சாரங்கன்?"

அவர் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு நான்காவது சோதனை. இப்போது 'நில்' எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் போகும். பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்து மூன்று முறை போகும். பழசாகிப்போன காற்று வேகத்தைத் திரும்ப அனுப்புவதில்லை, அது நேரே குப்பைக்கு.

பொத்தானை அழுத்தினார்.

பெட்டி வந்தது. தயங்கியது. மேடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மூட்டை அசையக்கூட இல்லை.

மெக்கானிக்குகள் எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள். சாரங்கன் அப்படியே தரையில் உட்கார்ந்தார், காய்ந்த பாலின் மேலேயே. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"நின்னுடுச்சு, மேடம்."

"பார்த்தேன். யாராவது ஒரு ஈரத்துணி கொண்டு வாங்கப்பா, இந்த அடுப்பைத் துடைக்கணும்."