ஒரே விரிப்பில் இரண்டு மீன்கூட்டம்

குற்றாலிங்கம் காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். இடையில் கிடைக்கும் நேரத்தில் அவர் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். மனதில் இருப்பதைக் கேட்பார்கள். சில நேரம் பதில் கிடைக்கும். சில நேரம் மோர் கிடைக்கும். எது கிடைத்தாலும் வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவரைக் குருவாக நினைத்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் அவர்கள் அவரை ஐயா என்றார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி, அக்கா என்றார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

கோமதிநாயகமும் அவர் மனைவி சண்முகவடிவும் ஒரு கோடையில் அவரைத் தேடி வந்தார்கள். கோமதிநாயகம் மின்வாரியத்தில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். சண்முகவடிவு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே காலம் போயிருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். ஒரே மகன் புனேயில் இருந்தான்.

அன்று கேட்டது சண்முகவடிவு.

“ஐயா, இத்தனை வருஷம் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். இப்ப நாள் முழுக்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். என்னதான் செய்ய?”

குரு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காம்புப் பக்கத்துத் துண்டு ஒன்றை எடுத்தார். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து அதில் தொட்டார். தன் தோள் துண்டின் ஓரத்தில் பதித்தார்.

சண்முகவடிவு குனிந்து பார்த்தாள்.

“பூ மாதிரி இருக்கு.”

“அண்ணாச்சி, நீங்க ஒண்ணு வைங்க,” என்று குரு இன்னொரு வெண்டைக்காய்த் துண்டை நீட்டினார்.

கோமதிநாயகம் வைத்தார். மஞ்சள் அப்பிக்கொண்டது.

“மெதுவா வைக்கணும்,” என்றாள் மனைவி.

“அப்ப நீ வை.”

அவள் வைத்தாள். பிறகு அவர் வைத்தார். தோள் துண்டு நிறையும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. அன்று குருவின் குழம்பில் வெண்டைக்காய் குறைவாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையில் பழைய கம்பளியை மடித்துப் போட்டார்கள். அதன்மேல் துணியை விரித்தார்கள். கடையில் துணிச் சாயம் வாங்கி, தட்டில் பஞ்சு வைத்து அதில் ஊற்றினார்கள். பாகற்காயை வட்டமாக வெட்டிப் பதித்தார்கள். உருளைக்கிழங்கில் நட்சத்திரம் செதுக்கினார்கள். காலையில் செதுக்கிய நட்சத்திரம் சாயங்காலம் சுருங்கி, மறுநாள் நாறியது. புதுத் துணியைத் துவைத்துக் கஞ்சி போக்காமல் பதித்தால் சாயம் பிடிக்காது என்பதை ஒரு தலையணை உறையை வீணாக்கித் தெரிந்துகொண்டார்கள். பதித்தது காய்ந்தபின் இஸ்திரி போட்டால்தான் நிற்கும் என்பதை இன்னொன்றை வீணாக்கித் தெரிந்துகொண்டார்கள்.

கோமதிநாயகத்தின் வேட்டிக் கரைக்குமேல் பாகற்காய் வட்டம் வந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவர் ரேஷன் கடைக்குப் போனார்.

“என்ன அண்ணாச்சி, வேட்டியில சக்கரம் ஓடுது?” என்றார்கள்.

“வீட்டுல அச்சடிச்சது,” என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

காய்கறியை விட்டு ரப்பருக்கு வந்தார்கள். அவருடைய தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பகுதியில் ஒரு மீன் செதுக்கினார்கள். உருவத்தை வெட்டியது அவர். கண்ணையும் செதிலையும் பிளேடு நுனியால் தோண்டி எடுத்தது அவள். சாயத்தை அதிகமாகத் தொட்டால் கண் அடைந்துபோயிற்று. பஞ்சில் ஒற்றி எடுத்தால் மீன் கண் திறந்து பார்த்தது. முதல் மீன் சரியாக விழுந்த அன்று இருவரும் மேஜையைச் சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தார்கள்.

“நம்ம கட்டிலுக்கு ஒரு விரிப்பு போடுவோமா?” என்று கேட்டது கோமதிநாயகம்.

கைத்தறிக் கடையில் வெள்ளை விரிப்பு வாங்கினார்கள். மேஜைக்கு அது பெரிது. பதிக்கும் இடத்தை மட்டும் விரித்து, மிச்சத்தைச் சுருட்டி வைக்கவேண்டியிருந்தது. காலையில் சமையல் முடிந்ததும் சண்முகவடிவு தலைமாட்டுப் பக்கத்திலிருந்து பதித்து வந்தாள். மத்தியானம் அவள் கண்ணயரும் நேரத்தில் கோமதிநாயகம் கால்மாட்டிலிருந்து பதித்து வந்தார். ஒருவர் பதிக்கும்போது மற்றவர் பதித்தது சுருளுக்குள் மறைந்திருந்தது.

கடைசியில் இஸ்திரி போட்டுக் கட்டிலில் விரித்தார்கள்.

அவள் பக்கத்தில் மீன்கள் வரிசை வரிசையாக இருந்தன. நூல் பிடித்து, ஸ்கேல் வைத்துப் பதித்தது. எல்லா மீனும் ஒரே திசையைப் பார்த்தன. அவர் பக்கத்தில் ஒன்று மேலே போனது, ஒன்று கீழே போனது, ஒன்று வயிற்றைக் காட்டித் திரும்பியிருந்தது. இரண்டு மீன் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஒன்றின் வால் விரிப்புக்கு வெளியே போய்விட்டது.

சண்முகவடிவு அவர் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

“என்னங்க இது?”

“மீன்.”

“ஒரு நூல் பிடிச்சு வச்சிருக்கக் கூடாதா?”

“முப்பது வருஷம் கம்பத்தை நூல் பிடிச்சு நட்டாச்சு. இனிமே எதையும் நேரா வைக்கிறதா இல்ல.”

“மீன் கூட்டம் ஒரே திசையிலதான் போகும்.”

“போகும். உயிரோட இருந்தா. உன் மீனு எல்லாம் சந்தையில அடுக்கி வச்ச மாதிரி செத்துல்லா கெடக்கு.”

அந்தச் சொல்லைச் சொன்னதும் அவருக்கே தப்பாகப் பட்டது. ஆனால் திரும்ப எடுக்கவில்லை.

“நான் தொட்டதெல்லாம் உங்களுக்குச் செத்ததுதான்,” என்றாள் அவள். “நீங்க எதையாவது உருப்படியா முடிச்சிருக்கீங்களா? இந்த வீட்டுல ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்கா?”

பேச்சு மீனை விட்டுப் போய்விட்டது. மகனை இன்ஜினியரிங் சேர்த்தது வந்தது. அவள் அம்மா இறந்தபோது அவர் தாமதமாக வந்து சேர்ந்ததும் வந்தது. அன்று அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். மறுநாளும் அங்கேதான் படுத்தார். சாப்பாடு மேஜைக்கு வந்தது. வார்த்தை வரவில்லை. விரிப்பு பீரோவுக்குள் மடித்துக் கிடந்தது.

ஒரு நாள் காலை சண்முகவடிவு அதை வெளியே எடுத்தாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது.

“நடுவுல வெட்டிருதேன். உங்க பாதி உங்களுக்கு, என் பாதி எனக்கு.”

“வெட்டு.”

அவள் கத்தரியைத் திறந்தாள். விரிப்பின்மேல் வைத்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

“ஐயாகிட்ட கேட்டுட்டு வெட்டுவோம்,” என்றார் கோமதிநாயகம்.

அவள் விரிப்பையும் கத்தரியையும் ஒரே பையில் போட்டாள்.

மத்தியானம் அவர்கள் போனபோது குரு சாப்பிட்டு முடித்து இலையை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நீங்க ஒரு தீர்ப்பு சொல்லணும்,” என்றாள் சண்முகவடிவு.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

கூடத்துத் தரையில் விரிப்பை விரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நடந்ததை அவள் சொன்னாள். அவள் விட்டதை அவர் சொன்னார். குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுல எது சரி? எது வெட்டிப் போட வேண்டியது? நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்கிடுதோம்,” என்றார் கோமதிநாயகம்.

குரு குனிந்து துணியைத் தடவிப் பார்த்தார்.

“சாயம் ஒட்டாதுல்லா?”

“ஒட்டாது ஐயா. இஸ்திரி போட்டாச்சு.”

குரு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார். விரிப்பின்மேல் படுத்தார். கையைத் தலைக்கு வைத்துக்கொண்டார். மூன்று மணி வண்டிக்கு முன்னால் அவர் தினமும் கொஞ்சம் தூங்குவார் என்பது இருவருக்கும் தெரியும். இன்றும் தூங்குவார் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் குறட்டை வந்துவிட்டது.

இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். இடையில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து சண்முகவடிவு மெதுவாகச் சொன்னாள்.

“தலை என் பக்கம்தான் வச்சிருக்காக.”

அவள் தன்னிடம் பேசிப் பல நாளாயிற்று என்பது கோமதிநாயகத்துக்கு உடனே பிடிபடவில்லை. பதில்தான் முதலில் வந்தது.

“தலை மட்டும்தான் உன் பக்கம். உடம்பு முக்காவாசி என் பக்கம்.”

குரு புரண்டார். முழங்காலை மடக்கி நடுவில் சுருண்டுகொண்டார். யார் பக்கம் எவ்வளவு என்று எண்ணிக்கொள்ள இரண்டு பேருக்கும் அதன்பிறகு ஒன்றும் இல்லை.

அவர் புரண்டதில் விரிப்பு சுருங்கியது. அவள் போட்ட வரிசைகள் வளைந்தன. மடிப்பு விழுந்த இடத்தில் மீன்கள் ஏறி இறங்கின. குரு மூச்சு விடும்போதெல்லாம் அந்த மடிப்பு மெல்ல அசைந்தது.

கோமதிநாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வடிவு.”

“ம்.”

“உன் மீனு நீந்துது.”

அவள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. குரு விழித்துவிடுவாரோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரிப்பில் கணவர் பதித்த பக்கத்தைப் பார்த்தாள். வயிற்றைக் காட்டித் திரும்பியிருந்த மீன் குருவின் பாதத்துக்கு அருகில் இருந்தது.

“அந்த மீனு ஏன் மல்லாந்து கெடக்கு?”

“கை நழுவிருச்சு.”

“வேணும்னே வச்சீங்கன்னுல்லா நெனச்சேன்.”

“இல்ல. நழுவிருச்சு. அப்புறம்தான் அதுக்குத் தோதா மத்ததையும் திருப்பித் திருப்பி வச்சேன். ஒண்ணு மட்டும் தப்பாத் தெரியக் கூடாதுன்னு.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவர் அன்றே சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம்.

வெளியே யாரோ சைக்கிளில் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். மின்விசிறி காற்றில் விரிப்பின் ஒரு முனை தூக்கியது. அவள் கையை நீட்டி அதை அழுத்திப் பிடித்தாள். மறுமுனை தூக்கியபோது அவர் பிடித்தார்.

“தரையில படுத்து இடுப்பு வலிக்கலையா?” என்று கேட்டாள்.

“வலிக்கத்தான் செய்யுது.”

“சொல்லக் கூடாதா?”

“யார்கிட்ட சொல்ல?”

அவள் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மறுபக்கம் வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“செத்ததுன்னு சொன்னது தப்புதான்,” என்றார் அவர்.

“எங்க அம்மாவ நான் இழுத்ததும் தப்புதான். அன்னைக்கு உங்களுக்கு பஸ்ஸு கெடைக்கல. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம்?”

“ஆமா.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் வரவில்லை. குருவின் குறட்டை ஒருமுறை நின்று, மறுபடி தொடங்கியது. இருவரும் அது நிற்கக் கூடாது என்று நினைத்தார்கள்.

“சாயங்காலம் என்ன செய்யப் போற?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

“தோசைக்கு மாவு இருக்கு.”

“வெங்காயச் சட்னி வையேன்.”

“வெங்காயம் வாங்கிட்டுப் போவோம்.”

மூன்று மணி ஆவதற்கு முன்பே குரு எழுந்தார். முற்றத்துக்குப் போய் முகம் கழுவி வந்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தார்.

“நல்ல தூக்கம்,” என்றார்.

கோமதிநாயகம் விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். சண்முகவடிவு மறுபக்கத்தைப் பிடித்தாள். உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடித்தார்கள். அவள் மடித்ததைப் பையில் வைத்தாள். புறப்படும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“ஐயா, வெட்டப் போறதில்ல. சும்மா தெரிஞ்சிக்கிடத்தான் கேக்கேன். இவ்வளவு நேரம் படுத்திருந்தீங்களே, எந்தப் பக்கம் நல்லா இருந்தது?”

குரு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“எனக்கு எப்படித் தெரியும் அக்கா? தூங்கும்போது கண்ணை மூடிட்டுல்லா இருந்தேன்.”