ருசி பார்த்தவன் வயிறு

முன்னொரு காலத்தில், முல்லைப்பாடி என்ற நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினாலும் அதுதான் சரி என்று நினைத்துவிடுவார். அதனால் சபையில் எல்லோரும் கடைசியாகப் பேசவே துடிப்பார்கள். இந்தப் போட்டியில் பெரும்பாலும் ஜெயிப்பவர் கஜானா அதிகாரி குபேரலிங்கம். அவருக்குத் தொண்டை பெரிசு.

மந்திரி தில்லைநாயகம் வாயைத் திறந்தாலே குபேரலிங்கத்துக்கு எரியும். ஒருநாள் சபையில் மந்திரி வாயைத் திறந்தது பெத்தபெருமாளுக்காக.

பெத்தபெருமாளின் வேலை விசித்திரமானது. ராஜாவின் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று முதலில் தின்று பார்க்க வேண்டும். விஷம் ஒருநாளும் வரவில்லை. ராஜாவுக்குப் பிடித்த மிளகாயும் நெய்யும்தான் தினம் வந்தன. பாவம், வயிறு புண்ணாகி, வலி வந்தால் சுருண்டு விழுந்துவிடுவார். அரண்மனை வைத்தியரோ ராஜ குடும்பத்தைத் தவிர யார் கையையும் பிடித்து நாடி பார்க்கமாட்டார். வெளி வைத்தியர் கேட்ட தொகைக்கு வீட்டை விற்க வேண்டும். இப்படியே விட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்று மந்திரிக்கு மனசு அடித்துக்கொண்டது.

“இவருக்கு மட்டுமில்லை மகாராஜா, குடிமக்கள் யார் படுத்தாலும் வைத்தியச் செலவைக் கஜானா ஏற்க வேண்டும்” என்றார் மந்திரி.

குபேரலிங்கம் கொதித்துவிட்டார். தின்றது அவன் வாய், வலிப்பது அவன் வயிறு, இதில் கஜானாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். இலவசமாக மருந்து கொடுத்தால் ஆளாளுக்கு நோயை வரவழைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார்.

“கஷாயத்துக்கு ஆசைப்பட்டுக் காய்ச்சலைக் கூப்பிடுகிறவனை நான் பார்த்ததில்லை” என்றார் மந்திரி.

ராஜா குலுங்கிச் சிரித்தார். ஆனால் குபேரலிங்கம் அதற்குப் பிறகும் பேசினார். பேசி முடித்தபோது ஆணை பிறந்துவிட்டது. அவரவர் உடம்புக்கு அவரவரே பொறுப்பு. நோய் என்று சொல்லி யாரும் கஜானாப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக்கூடாது. மாலைக்குள் ஊரெல்லாம் பறையடித்துச் சொல்லிவிட்டார்கள்.

மந்திரிக்குத் தோற்றதில் வருத்தமில்லை. பெத்தபெருமாளின் வெளுத்த முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. அவரைத் தனியே அழைத்து, ராஜாவின் ஆணைக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படி என்றார். என்ன சொல்கிறார் என்று புரிந்ததும் பெத்தபெருமாளுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

மறுநாள் மதியம் மந்திரியும் குபேரலிங்கமும் அருகில் நிற்க, ராஜா இலை முன் உட்கார்ந்தார். வறுவலின் மணம் மூக்கைத் துளைத்தது. பக்கத்தில் பெத்தபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்னடா வேடிக்கை பார்க்கிறாய்? தின்று பார்” என்றார் ராஜா.

“மன்னிக்கணும் மகாராஜா. இது யார் வயிறுன்னு நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாமப் போச்சு. என் வயிறுதான், நான்தான் பொறுப்புன்னு நீங்களே பறையடிச்சுச் சொல்லிட்டீங்க. இனிமே பத்திரமாப் பார்த்துக்கிறேன்.”

ராஜாவுக்குப் பசி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இவனைச் சிறையில் தள்ளுங்கள் என்று கத்தினார். ஆணையை மீறியவனைத் தண்டிக்கலாம், கீழ்ப்படிந்தவனை எந்தச் சட்டத்தில் தண்டிப்பது என்று மந்திரி பணிவாகக் கேட்டார். ராஜாவின் கண் குபேரலிங்கத்தின் மேல் போய் நின்றது.

“நீர் கொடுத்த யோசனைதானே? நீரே தின்று பாரும்.”

குபேரலிங்கம் தயங்கித் தயங்கி இலைப் பக்கம் வந்தார். அவர் கஜானாவைக் கட்டிக் காத்ததில் சமையற்கட்டுக்காரர்களுக்குச் சம்பளம் வந்தே மாதக்கணக்காகிவிட்டது. இலையைப் பார்த்தார், பரிமாற நின்ற சமையல்காரனின் முகத்தைப் பார்த்தார்.

“அதற்கென்ன மகாராஜா, தின்றுவிடலாம். எதற்கும் அரண்மனை வைத்தியர் மருந்துப் பெட்டியோடு பக்கத்தில் இருந்தால் தேவலை.”

“வைத்தியருக்குக் கூலி உங்கள் மடியிலிருந்துதானே?” என்றார் மந்திரி.

“என்னய்யா பேசுகிறீர்? நான் எனக்காகவா தின்கிறேன்? ராஜாவுக்காக அல்லவா தின்கிறேன்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

ராஜா பெத்தபெருமாள் பக்கம் திரும்பினார். இத்தனை காலம் தன் பக்கத்திலேயே நின்றவரின் முகம் இவ்வளவு மெலிந்திருப்பதை அன்றுதான் கவனித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“இவர் எனக்காகத் தின்றார், சரி. மற்றவர்கள் எனக்கு என்ன செய்தார்கள், தில்லைநாயகம்?”

“இந்தச் சோற்றுக்காகச் சேற்றில் நின்று குளிர்காய்ச்சல் வாங்கியவன் இருக்கிறான், மகாராஜா. ஒன்றுமே செய்யாதவன் இருமினாலும், அந்த இருமல் உங்களிடம் வரக் கோட்டை வாசலில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காது.”

குபேரலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜா கையைக் காட்டி நிறுத்தினார். முதல் தடவையாக மந்திரி பேசியதே கடைசிப் பேச்சாயிற்று. பழைய ஆணை ரத்தானது. யாருக்கு நோய் வந்தாலும் கஜானாவே பார்த்துக்கொள்ளும் என்று புதிய பறை முழங்கியது. அரண்மனை வைத்தியர் முதலில் பிடித்துப் பார்த்தது பெத்தபெருமாளின் கையை. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. குபேரலிங்கத்துக்கும் ஒன்று கிடைத்தது: பெத்தபெருமாளின் வயிறு ஆறும்வரை ராஜாவின் சாப்பாட்டை அவர்தான் ருசி பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு தினமும் பொழுது விடிந்ததும் பெத்தபெருமாள் வீட்டு வாசலில் ஒரு பெரிய மனிதர் இளநீரோடு வந்து நிற்பார். “வயிறு எப்படியப்பா இருக்கிறது? நேரத்துக்கு மருந்து சாப்பிட்டாயா?” என்று உருகி உருகி விசாரிப்பார். அடுத்தவர் வயிற்றின் மேல் குபேரலிங்கத்துக்கு இருந்த அக்கறை, பெற்ற தாய்க்குக்கூட இருக்காது என்று ஊரே பேசிக்கொண்டது.