மடத்துக்கு ஒரு தோசைக்கல்

"எம்பட பையன் குடிய விட்டுட்டானா இல்லையா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க சாமி. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மடத்துச் சாமி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

கேட்டவள் பாவாத்தாள். ஐம்பது வயது. மடத்துக்கு நாலு தெரு தள்ளி வீடு. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் தெருவில் இறங்குவாள். தெருமுனை வரை வந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போகிற நாளும் உண்டு.

சாமிக்கு அவளுடைய கடைசித் தம்பியைவிட வயது குறைவு. காலில் விழுவதா, கும்பிட்டால் போதுமா என்று அவளுக்கு எப்போதும் குழப்பம். பாதி குனிந்து பாதியில் நின்றுவிடுவாள்.

"பையன் என்ன சொல்றான்?" என்றார் சாமி.

"விட்டுட்டேங்கறான். எட்டு மாசமாச்சுங்கறான்."

"அப்புறம் என்ன?"

"அவங்கப்பனும் அப்படித்தானுங்க சொன்னாரு. விட்டுட்டேன் விட்டுட்டேன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்துட்டாரு."

சாமி ஒரு பழுத்த இலையை எடுத்துத் தனியே வைத்தார்.

"தினமும் சாயங்காலம் வாசப்படியில நிறுத்தி, தாடையைப் புடிச்சு, ஊதச் சொல்றேனுங்க. கொப்பரை வாசந்தான் வருது. எண்ணெய் மில்லுல வேலை, வேற என்ன வாசம் வரும்? ஆனா கொப்பரைய மென்னுட்டு வந்தா மத்த வாசமெல்லாம் அமுங்கிப்போகும்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்றா."

"எட்டு மாசமாவா ஊதறான்?"

"ஒரு நாள் விடலீங்க."

"அவன் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"சொல்றானே! போலீஸ்காரன்கூட வண்டி ஓட்டுனாத்தான் ஊதச் சொல்றான், நீ சோறு போடறதுக்கே ஊதச் சொல்றேங்கறான்."

உள்ளே சமையல்கட்டில் யாரோ சிரித்தார்கள். சமையல்காரர் ராமண்ணன்.

பாவாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்ப ஓசூருக்குப் போறேங்கறானுங்க. அங்க ஏதோ கம்பெனியாம். ஆடி முடிஞ்சதும் கெளம்பறேன்னு பையைக்கூட எடுத்து வச்சுட்டான். இவன் ஒருத்தந்தானுங்க எனக்கு. குடிக்கறவனா இருந்தா, அங்க கண்காணாத ஊர்ல போயி விழுந்து கெடப்பான். எனக்குத் தெரிஞ்சாகோணும் சாமி."

சாமி கீரையைக் கூடையில் போட்டார்.

"மடத்துக்கு ஒரு தோசைக்கல் வேணும்."

"என்னுங்க?"

"இருந்த கல்லை ராமண்ணன் உடைச்சுட்டார்."

"நான் எங்கீங்க உடைச்சேன்? அதுவா வெடிச்சுது," என்றது சமையல்கட்டு.

"கொதிக்கிற கல்லுல பச்சைத்தண்ணி ஊத்துனா அது பாட்டா பாடும்?" என்றார் சாமி. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "வார்ப்புக் கல்லு. பழசாப் பாத்து எடுங்க. துருவெடுத்துப் பழக்கிக் கொண்டாங்க. தோசை ஒட்டாம வர்ற அன்னிக்குச் சொல்றேன்."

"புதுசே வாங்கித் தந்துடறேனே சாமி. ஒட்டாத கல்லுன்னே விக்கறாங்க."

"பழசு."

அவ்வளவுதான். அடுத்த கீரைக்கட்டைப் பிரித்துவிட்டார்.

*

சிராஜ் பாயின் பழைய இரும்புக்கடை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். தையல் மெஷின் கால், மோட்டார் மூடி, கைப்பிடி போன இரும்புச்சட்டி, எல்லாம் ஒரே குவியல். பாவாத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு குவியலில் இறங்கினாள்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு கல் கிடைத்தது. ஒன்று கறுகறுவென்று மினுங்கியது. இன்னொன்று துருவேறி, செம்மண்ணில் புதைத்து எடுத்த மாதிரி இருந்தது.

மினுங்குகிறதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அதையா எடுத்தீங்க?" என்றார் சிராஜ் பாய்.

"ஏனுங்க பாய், நல்லாத்தானே இருக்குது?"

அவர் கல்லின் காதில் விரலை விட்டுத் தொங்கவிட்டார். ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினார்.

டொக்.

துருப்பிடித்ததைத் தொங்கவிட்டு ஒரு தட்டு.

ணங் என்று எழுந்த சத்தம் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"முதக் கல்லு உள்ளுக்குள்ள விரிஞ்சிருக்கு. மேல கறுப்பைப் பூசி எவனோ தள்ளிவிட்டிருக்கான். இதை எடுத்துட்டுப் போங்க."

"இன்னொருக்கா தட்டுங்க பாய்."

தட்டினார். ணங்.

"அந்த ஓரத்துலயும் ஒருக்கா."

"அக்கா," என்றார் சிராஜ் பாய், "அது ஒருக்கா சொன்னாப் போதாதா?"

பாவாத்தாள் அவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி, தானே நாலு இடத்தில் தட்டிப் பார்த்த பிறகுதான் காசை எடுத்தாள்.

*

மூன்று நாள் கல்லை வடிகஞ்சியில் ஊறப் போட்டாள். நாலாம் நாள் செங்கல்பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தாள். தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. தேய்க்கத் தேய்க்க, துருவுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் இரும்பு வந்தது. நல்ல கல். நடுவில் கைபட்டால் பாப்பாவின் கன்னம் மாதிரி இருந்தது.

பிறகு பழக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்த வேலைதான். அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் நல்லெண்ணெய் தொட்டுப் பூசி, எண்ணெய் இருக்கிற இடமே தெரியாமல் துடைத்து, சிரட்டைத் தீயில் புகை வந்து அடங்குகிற வரை வைக்க வேண்டும். ஆறவிட வேண்டும். மறுபடி எண்ணெய், மறுபடி தீ. ஒவ்வொரு தடவைக்கும் கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஏறும். சாம்பல் பழுப்பாகும், பழுப்பு கறுப்பாகும்.

பழுப்பானது.

கல் ஆறியதும் பாவாத்தாள் குனிந்து பார்த்தாள். பிடித்துவிட்டதா, இல்லை வெறும் நிறம்தானா? கட்டைவிரல் நகத்தால் ஓரமாக லேசாகக் கீறினாள். கொஞ்சம் உரிந்து வந்தது.

சரி, இன்னும் பிடிக்கவில்லை.

மறுபடி எண்ணெய். மறுபடி தீ. மறுபடி நகம்.

"என்னம்மா, ஊருக்கே தோசை சுடப்போறியா?" என்றான் மகன் சம்பத்து, வேலையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றுகொண்டு.

"மடத்துக்கு. ஊது."

ஊதினான்.

*

ஆடி பதினேழாம் தேதி கல்லைச் சுமந்துகொண்டு போனாள். ராமண்ணன் மாவைக் கொடுத்தார். அவளே ஊற்றினாள்.

தோசை வரவில்லை. சுரண்டினால் துண்டு துண்டாக வந்தது.

ராமண்ணன் எட்டிப் பார்த்தார். "அம்மிணி, இது தோசைங்களா, புட்டுங்களா?"

சாமி அதைத் தட்டில் வாரிப் போட்டுக்கொண்டு, சட்னி தொட்டுச் சாப்பிட்டார். கை கழுவினார்.

"இன்னும் பழக்கோணும்," என்றார்.

ஆடி இருபத்துநாலாம் தேதி மறுபடி போனாள். இந்தத் தடவை எண்ணெயைத் தாராளமாகப் பூசியிருந்தாள். அது பிசுபிசுவென்று கோந்து மாதிரி உறைந்து, தோசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தோசைத்திருப்பிதான் வளைந்தது.

"இன்னிக்குப் புட்டும் இல்லை," என்றார் ராமண்ணன்.

சாமி பழையது சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் செங்கல்பொடி போட்டு உரித்து, வெறும் இரும்பிலிருந்து தொடங்கினாள். தூங்கும்போதுகூடக் கல் ஞாபகம்தான். எழுந்துபோய்த் தொட்டுப் பார்ப்பாள். அப்படியே சம்பத்தின் சட்டைப் பையையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள்.

ஆடி இருபத்தேழாம் தேதி மூன்றாம் தடவை. நடுவில் தோசை எழும்பியது. ஓரம் வரவில்லை. சுற்றிலும் ஒட்டிக்கொண்டு, நடுவில் மட்டும் ஓட்டையாகக் கிழிந்து கையோடு வந்தது.

பாவாத்தாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க சாமி, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? கஞ்சியில போட்டேன். செங்கல்பொடி போட்டேன். பத்துத் தடவைக்கு மேல தீ காட்டிட்டேன். இன்னும் நாலு நாள்ல பையன் போயிருவான். கல்லும் ஆகலை, நீங்களும் சொல்ல மாட்டேங்கறீங்க."

சாமி கல்லைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நடுவில் நல்ல கறுப்பு. ஓரம் முழுக்க, வட்டமாக, பூனை பிறாண்டிய மாதிரி கீறல்.

"கையைக் காட்டுங்க."

நீட்டினாள்.

வலது கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பாக அப்பியிருந்தது.

"இது என்ன?"

"கல்லுல இருந்துதானுங்க. படலம் புடிச்சிருச்சான்னு பாத்தேன்."

"எப்பப் பாத்தீங்க?"

"ஒவ்வொருக்காவும் பாத்தனுங்க. பாக்காம எப்படித் தெரியும்?"

"பிடிச்சிருந்துதா?"

"எங்கீங்க! ஒவ்வொருக்காவும் உரிஞ்சு வந்துருச்சு."

சொல்லிவிட்டு அவள் தன் நகத்தைப் பார்த்தாள்.



சாமி கொடியிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுத்து, கரையோரமாக ஒரு துண்டு கிழித்தார். அவள் கட்டைவிரலைச் சுற்றி, நகம் தெரியாமல், கெட்டியாக முடிச்சுப் போட்டார்.

"புண்ணு ஒண்ணும் இல்லீங்களே சாமி."

"தெரியும்."

"எப்ப அவுக்கறது?"

"கல்லு முடிஞ்சதும்."

"முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்?"

"ராமண்ணே," என்றார் சாமி, "மழை வர்றாப்பல இருக்கு. கொப்பரை காயுதே, யாராவது எடுத்தாங்களா?"

*

கட்டிய விரலோடு வேலை செய்வது பெருந்தொல்லை. எண்ணெய்ப் பாட்டில் நழுவியது. தீப்பெட்டி கீழே விழுந்தது.

முதல் நாள் கல் ஆறியதும் கை தானாகப் போனது. துணி கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றும் தெரியவில்லை.

இடது கட்டைவிரல் சும்மாதான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒற்றைக் கையாலேயே அடுத்த பூச்சு எண்ணெய் பூசினாள்.

இரண்டாம் நாள் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா? எழுந்துபோய்க் கல்லின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் கூடையைத் திறந்தபோது கல் கறுப்பாக இருந்தது. நடுவும் ஓரமும் ஒரே கறுப்பு. அவள் எண்ணெய் பூசினாள், துடைத்தாள், தீயில் வைத்தாள். மனசு ஒன்றும் கேட்கவில்லை.

*

ஆடி கடைசி நாள். சாயங்காலம்.

சம்பத்தின் பை நிலைப்படி ஓரத்தில் தயாராக இருந்தது. விடிந்தால் ஓசூர் பஸ்.

கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. சம்பத்து வந்து வாசற்படியில் நின்றான். யாரும் சொல்லவில்லை. எட்டு மாதப் பழக்கம். கொஞ்சம் குனிந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தான்.

பாவாத்தாளும் எழுந்து அவனிடம் போய்விட்டாள். வலது கை போய் அவன் தாடையைப் பிடித்தது. துணி கட்டிய கட்டைவிரல் கன்னத்தில் பட்டது.

அவன் கண்ணைத் திறந்தான். "கையில என்னம்மா? சுட்டுக்கிட்டியா?"

"இல்ல."

"வெட்டிக்கிட்டியா?"

"இல்லடா."

"அப்புறம் எதுக்குக் கட்டு?"

அவள் தன் விரலைப் பார்த்தாள். அது இருந்த இடத்தைப் பார்த்தாள். மகனுடைய தாடை. எட்டு மாதமாகத் தினமும் பிடித்த அதே இடம்.

கையை எடுத்துவிட்டாள்.

"கைகால் கழுவிட்டு வா. கல்லு காஞ்சுருச்சு."

"இன்னும் ஊதலையே."

"மாவு புளிச்சுக்கிட்டிருக்கு. வா."

சம்பத்து வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே வரலாமா என்று தெரியாதவன் மாதிரி. பிறகு தொட்டிப் பக்கம் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. முகம் துடைத்துக்கொண்டு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில், பைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

அவள் மாவை ஊற்றி வட்டமாக இழுத்தாள். கண் கண்ணாகத் துளை விழுந்தது. சுற்றிலும் எண்ணெய் விட்டாள்.

அவள் படும் பாட்டை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். கழுத்தை நீட்டிக் கல்லைப் பார்த்தான்.

"ஓரத்தைத் தூக்கிப் பாரும்மா. ஒட்டியிருக்கப்போவுது."

பாவாத்தாள் கையிலிருந்த தோசைத்திருப்பியைக் கீழே வைத்தாள்.

"வேகட்டும், இரு," என்றாள்.